பழைய மடிக்கணினி நேரத்தை எங்கே தொலைக்கிறது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. 2012ஆம் ஆண்டு மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினியை இப்போது இந்தச் சகோதரியின் கணவர் கோயில் நிர்வாகக் கணக்கு எழுதப் பயன்படுத்துகிறார். அதில் இருப்பது விண்டோஸ் 7. உள்ளே உள்ள பெரிய பேட்டரி போய்விட்டதால், சார்ஜரைக் கழற்றினால் உடனே அணைந்துவிடுகிறது. காலையில் திறந்தால் சில நாள் 2012 ஜனவரி 1 என்று காட்டுகிறது. சில நாள் ஆண்டும் மாதமும் சரியாக இருந்தும் நேரம் ஏழெட்டு மணி பின்தங்கி நிற்கிறது. வங்கிப் பக்கமும் வருமான வரிப் பக்கமும் திறக்க மறுக்கின்றன. ஒரு கடையில் உள்ளிருக்கும் சிறிய பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் பழைய கதை திரும்பிவிட்டது. இப்போது போனால், "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். நேரத்தைச் சரிசெய்ய என்ன வழி என்பது அவருடைய கேள்வி.

கேட்கப்பட்டது நேரத்தைத் திருத்துவது எப்படி என்றாலும், உண்மையில் அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. நேரம் எந்த இடத்தில் தொலைகிறது, அந்த இடத்தைச் சரிசெய்வது இந்தக் கணினிக்குத் தகுமா என்பவையே அவை. நேரத்தைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. அதை அவர் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார். நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தேன். அதன் பிறகு பினாங்கில் சொந்தமாகக் கணினி பழுதுபார்த்து வருகிறேன். இந்தக் கோளாறோடு வரும் கணினிகளில் நான் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரம் தவறுகிறது என்பதைவிட, எப்படித் தவறுகிறது என்பதுதான் முக்கியம். அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டால் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே பாதி விடை தெரிந்துவிடும்.

இன்றைய கணினிகளுக்குள் பொதுவாக இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று தாய்ப்பலகையில், அதாவது கடைக்காரர் சொன்ன போர்டில், இருக்கும் சிறிய மின்கடிகாரம். குவார்ட்ஸ் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர, அந்த அதிர்வை 15 முறை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான். கணினி அணைந்திருக்கும்போது நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பது இதுவே. இரண்டாவது, விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் கடிகாரம். கணினியைத் திறந்ததும் அது முதல் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதன்பின் செயலியின் துடிப்பைக் கொண்டு தானே எண்ணத் தொடங்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது நேரம் நழுவினால் பிழை பெரும்பாலும் மென்பொருள் பக்கம். அணைத்துத் திறந்த பிறகு மட்டும் தவறினால் பிழை அந்தச் சிறிய கடிகாரத்தின் பக்கம். உங்கள் கணினி ஒருமுறை திருத்திவிட்டால் நாள் முழுக்கச் சரியாக ஓடுகிறது என்றும், மறுநாள் காலையில்தான் தவறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு குறிப்பைக் கொண்டே அதை மறுத்துவிடலாம்.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இந்தச் சிறிய கடிகாரமே கிடையாது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி என்ன, மணி என்ன என்று அது கேட்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தட்ட வேண்டும். 1984இல் வந்த பிசி ஏடி வகையில்தான் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லையும் அதற்கென்று ஒரு பேட்டரியையும் வைத்தார்கள். அந்தச் சில்லில் 64 பைட் நினைவகம் இருந்தது. அதில் 14 பைட் கடிகாரத்துக்கு. மிச்சம் 50 பைட்டில் கணினியின் அமைப்புகளை எழுதிவைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் நேரமும் அமைப்புகளும் சேர்ந்தே மறைவதற்கு இதுதான் காரணம். பிற்காலக் கணினிகளில் அமைப்புகளின் பெரும்பகுதி, மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டது. அதனால் நேரம் மட்டும் மறந்து மற்றதெல்லாம் நினைவில் இருக்கும் கணினிகளையும் பார்க்கலாம்.

இனி, தவறும் விதங்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே பழைய தேதிக்கு, அதாவது கணினி தயாரான காலத்தை ஒட்டிய ஜனவரி 1 போன்ற நாளுக்குத் திரும்பினால், கடிகாரத்துக்குப் போகும் மின்சாரம் முற்றாக அறுந்துவிட்டது என்று பொருள். அணைத்திருந்த நேரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு மட்டும் பின்தங்கியிருந்தால், மின்னழுத்தம் மிகவும் இறங்கி, நினைவகத்தில் இருப்பதைத் தாங்கிக்கொள்ள மட்டும் போதுமானதாகவும் படிகத்தை அதிரவைக்கப் போதாததாகவும் இருக்கிறது. இரவு 11 மணிக்கு அணைத்து, காலை 7 மணிக்குத் திறந்தால் 11 மணி சில நிமிடங்கள் என்று காட்டுவது இந்த வகை. மாதத்துக்கு ஒரு நிமிடம் முன்பின்னாக நகர்ந்தால் அது பழுதே அல்ல. இந்தப் படிகங்களில் பத்து இலட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது இயல்பு. அது நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி வரும். சூடும் இதைக் கூட்டும். 25 பாகை செல்சியசை ஒட்டித்தான் படிகம் சரியாக ஓடும். அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். நம் ஊர் வெக்கையில், காற்றோட்டமில்லாத அலமாரியில் வைத்த கணினி நாளுக்கு இன்னொரு நொடி இழந்தால் வியப்பில்லை.

மணிக்கணக்கில், ஆனால் எப்போதும் ஒரே அளவில் தவறினால் அது பேட்டரியே அல்ல. சென்னையில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: சரியாக இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். நம்முடையது எட்டு மணி முன்னால். நேர மண்டலத்தைக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மாற்றினால் முடிந்தது. நம்மிடமும் முன்பு ஏழரை மணிதான் இருந்தது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே நகர்ந்து, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. சரியாக எட்டு மணி நேரம் தவறுகிறது, அதே கணினியில் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்சும் இருக்கிறது என்றால் காரணம் வேறு. லினக்ஸ் பொதுவாகச் சிறிய கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் எட்டு மணி நேரம் இடிக்கும். லினக்சை உள்ளூர் நேரத்தில் எழுதச் சொல்லிவிட்டால் சண்டை தீரும். உங்கள் கணினியில் லினக்ஸ் இல்லை. தவறும் அளவும் நாளுக்கு நாள் மாறுகிறது. ஆகவே இந்த இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

உங்களிடம் முதல் இரண்டு வகைகளும் மாறி மாறி வருகின்றன. ஒரு நாள் முற்றாக அறுகிறது, இன்னொரு நாள் அரைகுறையாகத் தாங்குகிறது. மின்னழுத்தம் விளிம்பில் நிற்கும் கணினி இப்படித்தான் நடக்கும். சிறிய கடிகாரத்துக்குப் போதுமான மின்சாரம் கிடைக்கவில்லை என்பதை இங்கிருந்தே உறுதியாகச் சொல்கிறேன். ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கணினியைத் தொடாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஓர் இரவில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணினியைத் திறந்தவுடன் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கணினிகளில் அது எஃப்10, டெலிட் அல்லது எஸ்கேப் ஆக இருக்கும். பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். அங்கே தேதியையும் நேரத்தையும் கைப்பேசியைப் பார்த்துச் சரியாக வைத்து, சேமித்து, விண்டோஸ் தொடங்குவதற்குள் அணைத்துவிடுங்கள். சார்ஜரைச் சுவரிலிருந்தும் கணினியிலிருந்தும் கழற்றி, எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். காலையில் மறுபடியும் நேராக அதே திரைக்குப் போய், அங்கே காட்டும் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் இரவு இதையே சார்ஜரைச் செருகியபடி செய்யுங்கள். செருகியிருந்தால் சரியாகவும், கழற்றினால் தவறாகவும் இருந்தால் படிகமும் கடிகாரச் சில்லும் நன்றாக இருக்கின்றன. சிறிய பேட்டரியோ அதிலிருந்து வரும் வழியோ மட்டுமே பழுது. செருகியிருந்தும் தவறினால்தான் கவலைப்பட வேண்டும். விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால் இந்தச் சோதனை பயன்படாது; அது இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துத் திருத்திவிட்டுத் தடயத்தை மறைத்துவிடக்கூடும்.

இணையம் இருந்தும் அது தானே ஏன் திருத்திக்கொள்ளவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் நேரம் கேட்டு வாங்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். 1985இல் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்தது. விண்டோஸ் 7 வீட்டுக் கணினியில் வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். கேட்டாலும், தன்னிடம் இருக்கும் நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் 15 மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஏற்க மறுத்துவிடும். யாரோ பொய்யான நேரத்தைக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அது கருதிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். 2012இல் நிற்கும் கணினிக்கு இன்றைய தேதி அப்படித்தான் தெரியும். ஆகவே முதலில் கையால் தேதியை வைத்துவிட்டு, பிறகு தேதி, நேரம் பகுதியில் இணைய நேரம் என்ற தாவலுக்குப் போய், உடனே புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். வங்கிப் பக்கம் மறுப்பதற்கும் தேதிதான் காரணம். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்ற சான்றிதழைக் காட்டுகிறது; 2012இல் இருக்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். தேதியைச் சரிசெய்த பிறகும் சில தளங்கள் மறுத்தால் அது வேறு நோய். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் இருக்கும் நம்பகச் சான்றிதழ்ப் பட்டியலும் உலாவியும் பழையவை. அதைப் பேட்டரி தீர்க்காது.

பேட்டரிக்கு வருவோம். பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்ற, காசு போன்ற லித்தியம் பேட்டரி. அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். மெல்லிய கணினிகளில் 2025, 2016 வரும். கடைசி இரண்டு இலக்கங்கள் தடிமனைச் சொல்கின்றன. சில கணினிகளில் இது வெறுமனே ஒரு குழியில் அமர்ந்திருக்கும். பலவற்றில் மஞ்சள் அல்லது கறுப்பு உறை சுற்றி, ஒரு சிவப்புக் கம்பியும் ஒரு கறுப்புக் கம்பியும் வெளியே வந்து, அரிசி அளவு வெள்ளைச் செருகியில் முடியும். கம்பியைப் பிடித்து இழுத்தால் பலகையில் உள்ள பிடிமானமே பெயர்ந்து வந்துவிடும்; செருகியின் இரண்டு பக்கமும் நகத்தை வைத்து மாறி மாறித் தள்ளினால் மெதுவாக நழுவி வரும். புதியது வாங்கும்போது செருகியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. சிவப்பும் கறுப்பும் அதே பக்கங்களில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே செருகியில் நிறங்கள் இடம் மாறி வருவதுண்டு. பழைய கம்பியை வெட்டிப் புதுப் பேட்டரியின் மேல் நேராகப் பற்றவைக்கவே கூடாது. அந்தச் சூடு உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும், வெடிக்கவும் கூடும். கம்பியோடு வருவதையோ பட்டை ஒட்டியதையோதான் வாங்க வேண்டும். செந்தூலிலிருந்து உங்களுக்குப் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா பக்கம். இல்லாவிட்டால் பூடு ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

கழற்றும் முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். பயாஸ் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் சில கணினிகளில் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க் இணையும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து வேறொன்றுக்கு மாறிவிட்டால், விண்டோஸ் திறக்காமல் நீலத் திரையில் நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துக் கலங்குவீர்கள். படம் இருந்தால் பழையபடி மாற்றிவிடலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: புதிய கணினிகளில் டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எடுத்து வெளியே பத்திரப்படுத்தாமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

மீண்டும் மின்னேறும் வகைப் பேட்டரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில பழைய மடிக்கணினிகளில் எம்எல் அல்லது விஎல் என்று தொடங்கும் பேட்டரி இருக்கும். பார்க்க ஒன்றுபோலவே தெரியும், அதுவும் 3 வோல்ட்தான். ஆனால் கணினி அதற்கு மின்னேற்றிக்கொண்டே இருக்கும். கடை தொடங்கிய புதிதில் ஒருமுறை எம்எல்1220 இருந்த இடத்தில், அளவு பொருந்துகிறதே என்று சாதாரண சிஆர்1220ஐ வைத்துவிட்டேன். சில வாரங்களில் அது உப்பிக் கசிந்து, பக்கத்தில் இருந்த செப்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிட்டது. வாடிக்கையாளருக்கு வேறு பலகை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து, கழற்றிய பேட்டரியின் முகத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளை வெளிச்சத்தில் படித்துப் பார்க்காமல் புதியதை நான் எடுப்பதில்லை. உங்கள் கடைக்காரர் என்ன எழுத்துள்ளதைப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த நான்கு மாதம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பயன்பட்ட குறிப்பு அதுதான். சிஆர்2032 பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் இருக்கும். நல்ல பலகையில் இந்தச் சிறிய கடிகாரம் இழுப்பது ஏறத்தாழ 5 மைக்ரோ ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஆயிரம் மைக்ரோ ஆம்பியர். வகுத்தால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு. சார்ஜரோ பெரிய பேட்டரியோ மின்சாரம் தரும்போது பெரும்பாலான பலகைகள் சிறியதைத் தொடுவதே இல்லை. அதனால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே உழைக்கும். உங்கள் பெரிய பேட்டரி செத்துவிட்டதால், சார்ஜரைக் கழற்றிய நேரமெல்லாம் பாரம் சிறியதன் மேல்தான். அப்படியிருந்தும் ஐந்து ஆண்டு வர வேண்டியது நான்கே மாதத்தில் தீர்ந்திருக்கிறது. நான்கு மாதம் என்பது சுமார் 2,900 மணி நேரம். அதற்குள் முழுப் பேட்டரியும் தீர வேண்டுமானால் 75 மைக்ரோ ஆம்பியர் போயிருக்க வேண்டும். இருக்க வேண்டியதைப் போல 15 மடங்கு. ஆக, வைத்த பேட்டரி ஏற்கெனவே கிடந்து தீர்ந்த பழைய சரக்கு அல்லது மட்டமான சரக்கு. இல்லையேல் பலகையில் எங்கோ மின்சாரம் கசிகிறது. இரண்டில் எது என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். எனக்கு வரும் இப்படிப்பட்ட கணினிகளில் முதல் காரணமே அதிகம் என்றாலும், அதை வைத்து உங்களுடையதும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

அளப்பது கடினமல்ல. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஒருவர் அக்கம்பக்கத்தில் நிச்சயம் இருப்பார். முதலில் வெளியே எடுத்த பேட்டரியின் மின்னழுத்தம்: புதியது 3.2 வோல்ட் அளவில் காட்டும், 2.8க்குக் கீழே வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன். ஆனால் 2.9 காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. லித்தியம் பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருந்து, முடியும் தறுவாயில்தான் சரியும். பிறகு கசிவு: புதுப் பேட்டரிக்கும் பலகைக்கும் நடுவே சிவப்புக் கம்பியின் வழியில் 1,000 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, சார்ஜரும் பெரிய பேட்டரியும் இல்லாத நிலையில், அந்த மின்தடையின் இரு முனைகளுக்கும் இடையே மில்லி வோல்ட் அளவிடச் சொல்லுங்கள். ஒரு மில்லி வோல்ட் என்றால் ஒரு மைக்ரோ ஆம்பியர் என்று நேராகவே படித்துக்கொள்ளலாம். இணைத்ததும் எண் மேலே போய் இறங்கும். ஒரு நிமிடம் பொறுத்து, நிலைத்த பிறகு பார்க்க வேண்டும். மூன்று முதல் பத்துக்குள் இருந்தால் பலகை நலம், குற்றம் பழைய பேட்டரியுடையது. எழுபது, எண்பது என்று நின்றால் கசிவு உறுதி.

கசிவு என்றதும் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து ஒன்றும் சார்ஜரிலிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு வழிகளை இணைக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரட்டை டையோடு ஒன்று பலகையில் இருக்கும். மிளகில் பாதி அளவு, மூன்று கால். அது பழுதானால் சிறிய பேட்டரியின் மின்சாரம் பின்பக்கமாகக் கணினியின் மற்ற பகுதிகளுக்கு ஒழுகும். அதையடுத்துச் சந்தேகப்பட வேண்டியவை, பக்கத்தில் உள்ள சிறு மின்தேக்கியும் ஈரமும். நம் ஊரில் ஈரத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தையற்காரர் கொண்டுவந்த கணினி இரவுக்குப் பத்து நிமிடம் இழந்துகொண்டிருந்தது. மூன்று பேட்டரி மாற்றியாகிவிட்டது என்றார். பலகையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, படிகத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே தூசும் எண்ணெயும் சேர்ந்து, பழுப்பு நிறத்தில் படலம் போல ஒட்டிக்கிடந்தது. படிகத்தைச் சுற்றியுள்ள சுற்று மிக நுண்ணிய மின்சாரத்தில் ஓடுவது. ஈரத்தை இழுத்துவைத்திருக்கும் அப்படியொரு அழுக்கே அதைத் தடுமாறவைக்கப் போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, விளக்கின் அடியில் அரை மணி நேரம் காயவைத்தேன். வேறு எந்தப் பொருளையும் மாற்றவில்லை. அதன்பின் நேரம் நழுவவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்.

ஆகவே, போர்டு போய்விட்டது என்ற சொல்லை இப்போதைக்கு ஏற்காதீர்கள். போர்டு போயிருந்தால் உங்கள் கணவர் அதில் கணக்கு எழுத முடியாது. அந்தக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு டையோடைத் தேடி மாற்ற ஒரு மணி நேரமாவது ஆகும், 2012ஆம் ஆண்டுக் கணினிக்கு அந்தக் கூலியைச் சொல்ல அவர் தயங்கியிருக்கலாம். என் யோசனை இந்த வரிசையில்: இரவுச் சோதனை, பிறகு காலாவதி நாள் அச்சிட்ட, அட்டையில் மூடிவந்த நல்ல பேட்டரி ஒன்று, வைக்கும்போதே கசிவையும் அளந்துவிடுவது. கசிவு இருந்தால், பலகையில் நுண்பற்றுவைப்பு வேலை செய்யும் ஒருவரிடம், படிகப் பகுதியைச் சுத்தம் செய்யவும் டையோடைப் பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்தே விடுங்கள். சும்மா நேரம் தவறுகிறது என்று சொன்னால் மறுபடியும் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். அந்தக் கூலி, அதே வகையில் பழைய கணினி ஒன்று வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நானும் வேண்டாம் என்பேன். எதுவும் செய்யாமல் காலம் தள்ளவும் வழி உண்டு: இரண்டாம் இரவுச் சோதனையில் நேரம் தப்பாமல் இருந்தால், சார்ஜரை எப்போதும் செருகிவைத்திருந்தாலே போதும். இடி மின்னல் நாள்களில் கழற்ற வேண்டியிருக்கும்; அன்றைக்கு மட்டும் கையால் தேதி வைக்க வேண்டும். கோயில் கணக்கில் தேதி முக்கியம் என்பதால் இது எனக்கு முழு மனநிறைவில்லாத வழி. 2012 என்ற தேதியோடு சேமித்த கோப்பு நாள் வரிசையில் எங்கோ அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தணிக்கைக்குத் தேடும்போது கிடைக்காது.

வீட்டில் இரண்டு வயதுப் பேரன் ஓடியாடுவதாக நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். இந்தக் காசுப் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப் போடுவதிலும் அதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும். பழையதைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் மறையும்படி ஒட்டுநாடாவைச் சுற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மேசை மேல் ஒரு நிமிடம் கூட வைக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

புதியதைப் பொருத்திய அன்று, அதன் உறையின் மேல் மார்க்கரால் தேதியை எழுதிவிடுங்கள். நான்கு மாதமா, நான்கு ஆண்டா என்ற கேள்வி அடுத்த முறை எழாது. பொருத்திய பிறகு அமைப்புத் திரையில் நேரத்தை வைத்து, சார்ஜர் இல்லாமல் மூன்று இரவு விட்டு, ஒவ்வொரு காலையும் அந்தத் திரையிலேயே பார்த்துக் குறியுங்கள். வேறுபாடு சில நொடிகள் என்றால் வேலை முடிந்தது. நிமிடக் கணக்கில் என்றால் படிகப் பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாளாவது 2012 என்று காட்டினால், செருகி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உட்கார்ந்திருந்தும் அப்படியே காட்டினால், மூன்று நாள் குறிப்பையும் அந்த மில்லி வோல்ட் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். அவற்றைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.